றமீலாவின் உள்ளங்கை

யாராவது "கையைக் காட்டு மகள்" என்றால் போதும், றமீலா இரண்டு கைகளையும் மலர்த்தி நீட்டிவிடுவாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பழகிப்போன வேலை. பார்க்கிறவர்கள் "யா அல்லாஹ்!" என்று பின்வாங்குவார்கள். உள்ளங்கை இரண்டும் அரைத்த மஞ்சளில் தோய்த்தெடுத்த மாதிரி இருந்தன. உள்ளங்காலும் அப்படியே. மூக்கு நுனியிலும் மஞ்சள் ஏறியிருந்தது.

கைரியா அந்தக் கைகளை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பார்த்தாள். நேற்றைவிட இன்றைக்குக் கூடவா, குறைவா? எப்போது பார்த்தாலும் கூடத்தான் தெரிந்தது.

பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மூத்தவன் நஸீமைச் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. ஏழு வயதுப் பையன். படுத்த எட்டாம் நாள் முடிந்துவிட்டது. இப்போது இருக்கிறவள் இவள் ஒருத்திதான்.

அது எழுபத்து நாலாம் வருடம். கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம் இருந்தது, ஆலோசனைக்கு இருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மாவு வந்தது என்று காதில் விழுந்து ஓடுவதற்குள் தீர்ந்துவிடும். ஆலோசனையோ வீடு தேடி வந்தது. முதலில் வந்தவள் அடுத்த வீட்டு ஸக்கியா.

"எண்ணெயக் கண்ணால காட்டாத கைரியா. மீன் ஆகாது, எறச்சி ஆகாது, கொச்சிக்கா ஒறப்பு ஆகவே ஆகாது. பப்பாசிப் பழம் குடு. பூசணிக்கா அவிச்சுக் குடு. கரட் சாறு ரத்தத்தக் கழுவும்."

கைரியாவின் புருசன் ஹலீமுக்குக் கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக் கடை. கரட்டுக்கு என்ன குறைச்சல்? பிள்ளைக்குச் சத்தாகட்டும் என்று நோன்பு முடிந்ததிலிருந்தே காலையில் ஒரு கிளாஸ் கரட் சாறு கொடுத்து வந்தவள், ஸக்கியா சொன்ன நாளிலிருந்து மூன்று கிளாஸ் ஆக்கினாள். மத்தியானம் உப்பில்லாத பூசணிக்காய். பின்னேரம் பப்பாசி. பிள்ளை மெலிந்தது. மஞ்சள் கூடியது. மஞ்சள் கூடக் கூடக் கைரியா பத்தியத்தை இறுக்கினாள்.

ஹலீம் பொறுக்க முடியாமல் தாயையும் பிள்ளையையும் கண்டியில் டொக்டர் மயில்வாகனத்திடம் கூட்டிப் போனான். யாழ்ப்பாணத்து மனுசர், நல்ல கைராசி. அவர் பிள்ளையின் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"ஈரலில ஒரு பிழையும் இல்லை. பிள்ளை என்ன சாப்பிடுறவ?"

"எல்லாம் சாப்பிடுவா டொக்டர்" என்றாள் கைரியா.

அது பொய். பஸ் ஏறும்போதே ஸக்கியா காதுக்குள் ஓதியிருந்தாள்: "பத்தியம்னு வாய் தொறக்காத. அவங்க அத நிப்பாட்டச் செல்லுவாங்க. நிப்பாட்டினா நஸீமுக்கு நடந்ததுதான்."

டொக்டர் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். இவ்வளவு மஞ்சளாக ஒரு பிள்ளை நிற்கிறது, ஒன்றுமில்லை என்கிறாரே! ஒன்றுமில்லை என்றால் ஏன் ஆடை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது? ஏன் பிள்ளை விளையாடப் போகாமல் கதவடியிலேயே குந்தியிருக்கிறது?

கடைசியாக வந்த ஆலோசனைதான் நாவலப்பிட்டி. அங்கே ஒரு வைத்தியர் இருக்கிறாராம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முழங்கைக்குக் கீழே மூன்று சூடு. செங்கமாரி அந்த இடத்திலேயே இறங்கிவிடுமாம்.

"பச்சப் புள்ளக்கிச் சூடா?" என்றான் ஹலீம்.

"அப்ப நீங்க வேற வழி செல்லுங்க."

ஹலீம் போய் நாவலப்பிட்டி பஸ்ஸுக்கு நேரம் விசாரித்து வந்தான்.

புதன்கிழமை காலை மூன்று பேரும் கண்டியில் வந்து இறங்கினார்கள். நாவலப்பிட்டி பஸ் பத்தரைக்கு. தாயையும் பிள்ளையையும் தன் கடையில் உட்கார வைத்துவிட்டு, சீட் பிடிக்க ஹலீம் பஸ் நிலையத்துக்குப் போனான். றமீலா ஒரு வெங்காயச் சாக்கின் மேல் குந்தியிருந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த நேரம் சுந்தரி வந்தாள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். தான் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் கரட் போட்டு, புதன்கிழமைகளில் ஹலீமுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். தலையில் ஒரு சாக்கு, கையில் ஒரு பை, பின்னால் மகள் இராஜகுமாரி.

"மொதலாளி இல்லீங்களா? அட, மொதலாளியம்மா! நீங்க கடையில குந்தியிருக்கிறத இன்னிக்குத்தான் பாக்கிறேன். யாவாரத்தப் புடிச்சுக்கிட்டீங்களா?"

கைரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப வந்திருவாரு, இரு" என்றாள்.

சுந்தரி சாக்கை இறக்கினாள். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. சற்று நேரத்தில் இராஜகுமாரியும் வெங்காயச் சாக்கில் ஏறிவிட்டாள்.

"உம்மா! இந்தப் புள்ளக்கும் என்னப் போல!"

கைரியா திரும்பினாள். நாலு உள்ளங்கைகள் பக்கத்துப் பக்கத்தில் விரிந்திருந்தன. நாலும் ஒரே மஞ்சள். பாய்ந்து மகளை இழுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்தாள்.

"தொடாத! சுந்தரி, ஒன்ட புள்ளக்கும் செங்கமாரி! இது தொத்துற வருத்தம்! பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

சுந்தரி ஒரு நிமிசம் திகைத்தாள். பிறகு சிரித்தாள். சும்மா சிரிப்பல்ல, சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"செங்கமாரியா? ஐயோ மொதலாளியம்மா! இது கரட்டுக் கலருங்க! இந்தா, என் கையப் பாருங்க. நான் என்னா சாகவா போறேன்?"

கொழுந்துக் கறை படிந்து காய்த்துப்போன கை. விரல் இடுக்குகளில் மட்டும் அந்த மஞ்சள் தெரிந்தது.

"வெளையாடாத சுந்தரி. எனக்கு ஒரு புள்ள இதுல போயிட்டான்."

சுந்தரியின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் தரையில் கைரியாவுக்கு எதிரே குந்தினாள்.

"தெரியாமச் சிரிச்சிட்டேங்க, மன்னிச்சிருங்க. ஆனா நான் சொல்றது நெசம். எங்க லயத்துல பதினாலு புள்ளைங்க கையும் இப்படித்தான் இருக்கு. மாவு இல்லாத நாள்ல ரொட்டி ஏது? காலையில அவிச்ச கரட்டு, ராவைக்கும் கரட்டு. நல்லதெல்லாம் இங்க வந்திரும். நெளிஞ்சது ஒடஞ்சது எங்களுக்கு. தோட்டத்துல மருந்து குடுக்கிற மருந்துக் காம்பரா அய்யாவும் மொதல்ல பயந்துதான் பாத்தாரு. கண்ணு வெள்ளையா இருக்கு, காமால இல்ல, தின்னுறது மாறினா கலரும் மாறும்னு சொன்னாரு. ஒங்க பாப்பா என்னா சாப்புடுது?"

கைரியா சொல்லத் தொடங்கினாள். காலையில் கரட் சாறு. பத்து மணிக்குக் கரட் சாறு. மத்தியானம் பூசணிக்காய். பின்னேரம் பப்பாசி. படுக்கப்போகும்போது... சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சோறு?"

"ரெண்டு பிடி."

"மீனு, கீனு?"

கைரியா தலையை ஆட்டினாள்.

"நாங்க வேற இல்லாமத் திங்கிறோம்" என்றாள் சுந்தரி. அதில் கோபம் இல்லை. ஆனாலும் கைரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "புள்ள கண்ணப் பாத்தீங்களா?"

கைரியா பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். மஞ்சள் தெரிந்த இந்த நாற்பது நாளில் மகளின் கண்ணை மட்டும் அவள் நேராகப் பார்க்கவே இல்லை. நஸீமுக்குக் கண்ணில்தான் தொடங்கியது. கடைசி நாளில் அவன் "உம்மா" என்று நிமிர்ந்தபோது வெள்ளை விழி முழுக்க முட்டை மஞ்சளாக இருந்தது. அந்தக் கண்ணை இன்னொரு முகத்தில் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தலை வாரும்போதுகூடப் பிள்ளையைப் பின்னால் திருப்பித்தான் உட்கார வைப்பாள்.

"பாருங்க மொதலாளியம்மா. நான் பக்கத்துல இருக்கேன்."

கைரியா மகளின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு, பிறகு திறந்து பார்த்தாள்.

வெள்ளை. தேங்காய்ச் சொட்டு மாதிரி வெள்ளை. அந்த வெள்ளைக்குள் இரண்டு கறுப்பு மணிகள் உம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தன.

"என்ன உம்மா?"

கைரியா சுந்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஹலீம் ஓடி வந்தான். "சீட் புடிச்சாச்சு, வாங்க, வாங்க! பஸ் எடுக்கப் போறான்!"

"நாவலப்பிட்டிக்கில்ல. டொக்டர்ட்ட போவோம்."

"என்னது? என்ட மொகம் தொடைக்கிற லேஞ்சிய சீட்ல போட்டிட்டு வந்தீக்கிறேன்!"

"லேஞ்சி நாவலப்பிட்டிக்குப் போகட்டும்" என்று கைரியா மூக்கைத் துடைத்தாள். "நான் டொக்டர்ட்டப் பொய் செல்லிட்டேன். இந்தத் தடவ எல்லாத்தையும் செல்லணும்."

டொக்டர் மயில்வாகனம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு நாளைக்கு மூண்டு கிளாஸோ? அதுக்கு மேலை பப்பாசி, பூசணி! நான் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"நிப்பாட்டச் செல்லுவீங்கன்னு பயம் டொக்டர்."

"ஓம், நிப்பாட்டத்தான் சொல்லியிருப்பன்." பிறகு குரலைத் தணித்தார். "உங்களை மட்டும் பிழை சொல்லேலாது. நானும் துருவிக் கேட்டிருக்க வேணும். கரட்டிலை இருக்கிற நிறம் இரத்தத்திலை கூடித் தோலிலை ஊறியிருக்கு. அதாலை ஆபத்தில்லை. பிள்ளை மெலிஞ்சது பத்தியத்தாலை. இண்டையிலையிருந்து மீன், முட்டை, எண்ணெய், எல்லாம் குடுங்கோ. நிறம் போக ரெண்டு மூண்டு மாதம் எடுக்கும். அதுக்குள்ளை ஆரும் ஏதும் சொன்னால் பயந்து திரும்பவும் தொடங்கிப்போடாதேங்கோ."

"மருந்து?"

"மருந்தில்லை."

கைரியா எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். "டொக்டர், தோட்டத்துல ஒரு புள்ள ஈக்கு. அவளுக்கும் இதே கை. அவங்கள்ட்ட வேற சாப்பாடில்ல. அதுக்கு என்ன செய்ய?"

டொக்டர் பேனையை எடுத்தார். எழுதாமலே கீழே வைத்தார். "அதுக்கு நான் என்னத்தை எழுத? அரிசியெண்டு எழுதிக் குடுத்தால் எந்தக் கடையிலை குடுப்பினம்?"

வெளியே வந்ததும் ஹலீம் சொன்னான்: "அடுத்த புதன் சுந்தரி வருவா. நம்மட கூப்பன் அரிசியில ஒரு சுண்டு அளந்து எடுத்து வைங்க." கைரியா தலையசைத்தாள். ஒரு சுண்டால் பதினாலு பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கைரியா அடுப்பில் தாச்சியை வைத்தாள். எண்ணெய் சீறியது. மீன் பொரியும் வாசம் வேலியைத் தாண்டிப் போனதுதான் தாமதம், ஸக்கியாவின் குரல் வந்தது.

"கைரியா! ஒனக்கென்ன பைத்தியமா? செங்கமாரிப் புள்ளய வச்சுக்கிட்டு மீன் பொரிக்கிறியா?"

"ஓ ராத்தா. வாசம் நல்லா வருதா?"

"அல்லாவே, மூத்தவன்ட கெதி மறந்திட்டா!"

அந்தச் சொல் கைரியாவின் கையைப் பிடித்து நிறுத்தியது. பயம் எங்கேயும் போய்விடவில்லை, அடுப்படியிலேயே நின்றது. டொக்டர் பிழையாகச் சொல்லியிருந்தால்? சுந்தரி பிழையாகச் சொல்லியிருந்தால்? பீங்கானில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

கைரியா பிள்ளையைத் தனக்கு நேர் எதிரே, முகம் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தாள். மீனைப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து முதல் பிடியை ஊட்டினாள். றமீலா மென்றாள், விழுங்கினாள், உதட்டில் ஒட்டிய எண்ணெயையும் நக்கினாள்.

"இன்னும் உம்மா."

வேலிக்கு அந்தப் பக்கம் ஸக்கியா தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். கைரியா அடுத்த துண்டை எடுத்து முள்ளை நீக்கத் தொடங்கினாள்.