அருவியில் தண்ணீர் இல்லை

தென்காசியில் இருப்பவர்களிடம் குற்றாலத்தில் சீசன் தொடங்கவில்லை என்று பொய் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. காற்றே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொய்யைத்தான் மணிமுத்து தன் மனைவி வள்ளித்தாயிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவனுக்குச் சிப்ஸ் கடை. சீசனில் வள்ளித்தாய் நேந்திரங்காய் சீவிப்போட, அவன் வறுத்து எடுப்பான். அந்த வியாபாரத்தில்தான் குடும்பம் வருடம் முழுக்க ஓடியது.

வள்ளித்தாய் சமுதாயக் கல்லூரியில் நோயாளி பராமரிப்புப் படிப்பில் இரண்டு தடவை சேர்ந்தாள். இரண்டு தடவையும் சீசன் வந்ததும் நின்றுபோனாள். ஒரு வருடப் படிப்பு, பரீட்சை ஜூலையில். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஜூலையில் பரீட்சை வைத்த புண்ணியவான் யாரோ, ஒருநாளும் அருவியில் குளித்திருக்க மாட்டார்.

மூன்றாம் தடவை சேரப் போனபோது சுகிர்தம் டீச்சர் அவளை உட்காரவைத்துப் பேசினார். மூன்று மாதப் படிப்பு ஒன்றும் இருக்கிறது, அதில் சேருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முடித்துவிடுகிறார்கள், ஒரு வருடப் படிப்பில்தான் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள் என்றார். அக்கறையில் சொன்னதுதான். மூன்று மாதம் படித்தால் வீடுகளில் துணைக்கு இருக்கலாம், ஆஸ்பத்திரி வார்டுக்குள் நிற்க முடியாது.

"எங்கம்மை படுத்த படுக்கையாக் கிடந்தா டீச்சர். எப்படிப் புரட்டிப் போடணும்னு எனக்குத் தெரியல. முதுகெல்லாம் புண்ணு. நான் முழுசாப் படிக்கணும்" என்றாள் வள்ளித்தாய். டீச்சர் ஒரு வருடப் படிப்புக்கே பெயரை எழுதிக்கொண்டார். வாசலில் காத்து நின்ற மணிமுத்துவின் காதிலும் அது விழுந்திருந்தது.

ஜூன் பிறந்தது. இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கடைக்கு எப்போது வரவேண்டும் என்று அவனிடம் கேட்டாள்.

"சீசன் டல்லு, வள்ளி. அருவியில தண்ணியே இல்ல. நீ காலேஜுக்குப் போ."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கொடியில் கிடந்த துணி சாரலில் நனைந்துகொண்டிருந்தது. கல்லூரிக்குப் போகும் வழியில், தோளில் துண்டும் தலை நிறைய எண்ணெயுமாக ஆட்கள் குற்றாலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். வள்ளித்தாய் குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

வீடு திரும்புமுன் கடையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வருவான் மணிமுத்து. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. தலைமுடியில் வறுவல் வாசம் அப்படியே இருக்கும். விரல்களில் பிளாஸ்திரி கூடிக்கொண்டே போனது. கேட்டால், கடை ஷட்டரில் நசுங்கிவிட்டதாம். ஷட்டர் இத்தனை நேராகவா கீறும்? அதை மட்டும் அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் நாளைக்கே கடையில் போய் உட்கார வேண்டும். அந்தப் பொய் அவளுக்கும் தேவைப்பட்டது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது, அவன் மேல் ஆசை ஆசையாகவும் வந்தது.

"இன்னைக்காவது தண்ணி விழுந்துச்சா?" என்று கேட்பாள்.

"நூலு மாதிரி" என்பான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். சில நாள் அழுகையும் வரும்.

ஜூலையில், கடைசியாக வந்த செய்முறைப் பரீட்சைக்குச் சுகிர்தம் டீச்சரே நோயாளியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டார். வள்ளித்தாய் ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து, மெல்லப் புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். அம்மையின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. "வலிக்கவே இல்ல வள்ளி" என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னார் டீச்சர்.

வெளியே வந்ததும் வள்ளித்தாய் குற்றாலம் பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை.

கடை முன்னால் ஈரத்தலையோடு கூட்டம் மொய்த்தது. மணிமுத்து ஒற்றை ஆளாகச் சீவிக்கொண்டும் வறுத்துக்கொண்டும் அல்லாடினான். சீவல் ஒன்று தடிமன், ஒன்று கிழிசல். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய், அவன் கையிலிருந்த சீவுகட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டான். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவள் தலையாட்டினாள். "அருவியில தண்ணியே இல்லன்னு சொன்னிய?"

மணிமுத்து சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இப்பந்தான் விழ ஆரம்பிச்சிருக்கு" என்றான்.