தண்ணி வந்துருச்சுங்க

புருஷன் ராசப்பனிடமிருந்து தப்பிக்கச் சாந்தாமணி ஒரே ஒரு வழி வைத்திருந்தாள். வேண்டாத நாளில் அவன் கை மேலே விழுந்தால், "குழாயில தண்ணி வந்துருச்சுங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அவனும் நம்பினான்.

அதை அவள் வெளியே சொன்னது ஒருமுறைதான். பெண்களின் அந்தரங்க வாழ்க்கையை ஆராய்வதாக வந்த ரூபினா என்ற கல்லூரி ஆசிரியையிடம். பெயரை மாற்றிவிடுவதாக அந்தப் பெண் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அந்த ஆராய்ச்சியை வைத்துப் படமே வந்துவிட்டது. பெண்களின் மானத்தை ஏலம் போடுகிறார்கள் என்று ஊரே கொதித்தது. மில் ஆட்கள் மறியல் அறிவித்தார்கள், ராசப்பன்தான் அதற்குத் தலைமை.

"பாக்காம எதுக்கறது ஞாயமில்ல. நீயும் வா அம்மணி" என்றான். வரமாட்டேன் என்றால் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிடும். போனாள்.

சிங்காநல்லூர்த் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டுக்குப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரச் சுவர். இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகி கட்டிலை விட்டு எழுந்தாள். "தண்ணி வந்துருச்சுங்க." வெளியே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பெயரை மாற்றி என்ன, குடத்தை மாற்றவில்லையே! இன்றோடு குடித்தனம் முடிந்தது என்று சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க, முந்தானையால் பொத்தியும் அடங்காத சிரிப்பு. அடிப்பாவிகளா, நீங்களுமா? அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர்கூட இருமவில்லை.

படம் விட்டு வெளியே வந்தால், வாசலில் மறியல் கூட்டம். "வாங்கண்ணா, கோஷத்த நீங்களே ஆரம்பிங்க!"

"தலவலிங்க" என்றான் ராசப்பன். அவனுக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது.

பஸ் நிறுத்தத்தில் மெதுவாகக் கேட்டான்: "ஏனம்மணி, நம்மூட்லயும் அப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது.

"ஆமாங்க. பல நாளு."

வீடு வந்ததும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

"தண்ணி வரலீங்களே" என்றாள், பயந்துகொண்டே.

"தெரியும்." குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். "இங்க எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

"நீங்க தூங்கற வரைக்குமுங்க."