அறுபத்தொன்பது கிலோ ஹெலன்

ஹெலன் படுத்துவிட்ட அந்த ஆகஸ்ட் மாதம் அவள் எடை நாற்பத்தேழு கிலோ. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் ஜோடிகளைப் புரட்டிப் பார்த்து, பிசகு இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதிகம் லீவு எடுக்காதவள், அந்த மாதம் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. ஆனால் மகள் தலை பின்னச் சொல்லி வந்து நின்றால் சீப்பைக் கையில் வாங்க முடியவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மாமியார் அன்னம்மாள் சர்ச்சில் ஜெபம் பண்ணச் சொன்னாள். புருஷன் ஆல்வின் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு, அவளை அப்படியே தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து வேலூருக்குக் கூட்டிப்போனான். மனநல டாக்டர் ஒரு அம்மாள். நிதானமாகக் கேட்டுவிட்டு, ராத்திரி சாப்பிட்டபின் போடும்படி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹெலனுக்குப் பசித்தது. பிரியாணி வேண்டும் என்றாள். ஆல்வின் வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்து, அவள் ஒரு பருக்கை விடாமல் தின்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சமாகச் சாப்பிடு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்பே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தூக்கம் வந்தது, சிரிப்பு வந்தது. பசியும் வந்தது, வந்த பசி போகவே இல்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி பசிக்கும். படுப்பதற்கு முன் நாலு இட்லியை நின்றபடியே தின்பாள். நோய்க்கு முன்னால் ஐம்பத்து நாலு கிலோ இருந்தவள், அடுத்த வருடம் ஜூலையில் அறுபத்தொன்பதைத் தொட்டாள். ரவிக்கைகள் எதுவும் சேரவில்லை. கம்பெனி கோட்டின் பட்டன் மாட்டவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் வயிற்றைப் பார்த்து, விசேஷமா என்று கேட்டார்கள். அன்னம்மாள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் தட்டில் இட்லி விழும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நன்றாகத்தானே இருக்கிறாய், இனிமேல் எதற்கு மாத்திரை என்றான் ஆல்வின். ஹெலனுக்கும் அது சரியென்றே பட்டது. டாக்டரிடம் கேட்காமல் ஒரு திங்கட்கிழமை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் விட்டு விட்டு வெட்டியது. குமட்டல் வந்தது, தூக்கம் போனது. அதெல்லாம் ஒரு வாரத்தில் அடங்கிப் போயிற்று. ஆனால் மூன்றாவது வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிய, கை நீட்டி அணைக்கத் தோன்றாமல் அதையே பார்த்தபடி நின்றாள். பர்னர் அணைந்து கேஸ் நாற்றம் வந்தபிறகுதான் உடம்பு அசைந்தது. பழைய ஆகஸ்ட் திரும்பி வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கே மறுபடி மாத்திரையை எடுத்துக்கொண்டாள்.

கூடவே கோபமும் வந்தது. ஒரு வருடமாக அவளுக்கு எதன்மீதும் இத்தனை கோபம் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை தனியாக பஸ் ஏறி வேலூர் போனாள். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் முன்பே, மாத்திரையை நிறுத்தியதையும் மறுபடி போட்டதையும் சொல்லிவிட்டு, "இந்த மாத்திரை போட்டா எடை ஏறும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றாள்.

தெரியும் என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்போது ஹெலன் சாப்பிடாமல் கிடந்ததால், பசியைக் கிளப்பும் மருந்தாகப் பார்த்துத்தான் கொடுத்ததாகச் சொன்னார். ஆனாலும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எடையையும் மாதாமாதம் பார்த்திருக்க வேண்டும், அது தன் தவறுதான் என்றார். இந்த மருந்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடை ஏறாது. எடையை அவ்வளவாக ஏற்றாத வேறு மருந்துகளும் உண்டு. மாற்றலாம், ஆனால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். புதியது அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரை, கொழுப்பு பார்க்க ரத்த டெஸ்ட்டும் எழுதினார்.

"ஒல்லியாவணும்னு நான் வரல மேடம். என் உடம்புல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்," என்றாள் ஹெலன். யோசித்துவிட்டு வந்து சொல்வதாக எழுந்துகொண்டாள்.

யோசித்து முடிப்பதற்குள் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வந்தது. சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. கேன்டீன் வாசலில் எடை மெஷினைப் போட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்ல, சூப்பர்வைசர் கோதண்டபாணி அதை ஊருக்கே கேட்கிற குரலில் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதினார். ஹெலன் ஏறி நின்றாள்.

"அறுபத்தொம்போது," என்றவர், "மெஷினை மெதுவா மிதிம்மா, வாடகைக்கு வாங்கியாந்தது," என்றார்.

வரிசையில் சிரிப்பு ஓடியது. அவளுக்குப் பின்னால் நின்ற, பேக்கிங் பிரிவு ரஃபத் ஜஹான் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஹெலன் மெஷினைவிட்டு இறங்கவில்லை.

"சரியா எழுதிக்கோங்க சார், அறுபத்தொம்போது," என்றாள். "போன வருசம் நாப்பத்தேழு. அப்ப எனக்கு உசுரே வோணாம்னு இருந்துச்சி. இப்ப மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன், அதுல ஏறின எடை இது. உசுரோட இருக்கிறதுக்கு ஏறின எடை. சிரிக்கிறவங்க சிரிச்சிக்கோங்க. ஆனா அடுத்த ஆளோட நம்பரைக் கத்திச் சொல்லாதீங்க."

கோதண்டபாணி நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பிறகு ஒரு எண்ணும் வெளியே கேட்கவில்லை.

வேனைவிட்டு ஹெலன் இறங்குவதற்குள் செய்தி வீடு வந்து சேர்ந்திருந்தது. ஆல்வினின் ஆட்டோவில் ஏறிய இரண்டு பெண்கள், ஓட்டுகிறவன் யாரென்று தெரியாமல் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்னம்மாள் மூலையில் உட்கார்ந்து, நாளைக்குப் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பைத்தியக்கார வீடு என்று சொல்வார்களே என்று முணுமுணுத்தாள். பேத்திக்கு ஒன்பது வயது.

"எல்லார் முன்னாடியுமா சொல்லணும்?" என்றான் ஆல்வின்.

ஹெலன் பையைக் கீழே வைத்தாள். "நாப்பத்தேழு கிலோல நீ என்னைப் பார்த்து அழுத. அறுபத்தொம்போதுல என்னைப் பார்த்து வெக்கப்படற. உனக்கு எது வோணும்?"

அவன் வெளியே போய் ஆட்டோ சீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது அவன் கேட்டது வேறு.

"உசுரு வோணாம்னு இருந்துச்சின்னு சொன்னியாமே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்றதுக்கே தெம்பு இல்லப்பா," என்றாள் அவள். அடுத்த முறை வேலூருக்கு அவனும் வந்தான். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் அவனாகவே சொன்னான்.

மருந்தை மாற்றலாம் என்று ஹெலன் முடிவு செய்தாள். மாற்ற ஆறு வாரம் ஆனது. நடுவில் இரண்டு வாரம் படுமோசம், தூக்கமே இல்லை. இந்தத் தடவை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னாள், போன் போட்டு டாக்டரையும் கேட்டாள். புது மருந்து ஒத்துக்கொண்டது. பசி ஒரு அளவுக்கு வந்தது. ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்து, அறுபத்தைந்தில் நின்றுவிட்டது. வேலை முடிந்து பைபாஸ் ஓரம் நடந்து பார்த்தாள், எண்ணெயைக் குறைத்தாள். எடை நகர்வதாக இல்லை. நகராவிட்டால் போகட்டும் என்று புதிதாக ஆறு ரவிக்கை தைத்துக்கொண்டாள். கொஞ்சம் குறைந்தால் நன்றாக இருக்கும் என்று அன்னம்மாள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஹெலன் இன்னொரு தோசையைப் போட்டுக்கொள்கிறாள்.

எடையை மறைவாகப் பார்க்கச் சொல்லி கம்பெனி ஆபீசுக்கு அவள் எழுதிக் கொடுத்த மனுவுக்கு யாரும் பதில் அனுப்பவில்லை. ஆனால் அடுத்த செக்கப்பில் எடை மெஷினைச் சுற்றி ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டருகே ரஃபத் ஜஹான் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். தூக்கம் வந்து மூன்று மாதமாகிறது, எந்த டாக்டர் என்று தணிந்த குரலில் கேட்டாள். ஹெலன் குரலைத் தணிக்காமல் டாக்டர் பெயரையும், எந்த பஸ், எத்தனை மணிக்குள் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"மொதல் நாளே கேட்டுடு," என்றாள். "இந்த மாத்திரை என் உடம்பை இன்னா பண்ணும்னு. அவங்க சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத."