பீர்ப் பெட்டியும் காற்றறையும்

“ரெண்டு படகையும் இவங்க கண்ணு முன்னாடியே கவுத்துக் காட்டணும், மிஸ்டர் ஹாஸ்கல்.”

ஒடீலியா சொன்னதும் படகுத்துறையில் சிரிப்பு அடங்கிப்போனது. வாங்க வருகிறவர்கள் முன்னால் ‘கவிழ்வது’ என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று பட்டறை முதலாளி ஹாஸ்கல் அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லியிருந்தார். இன்று வந்திருந்தவர்களோ அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கரை நெடுகிலும் இருந்து வந்த படகு வியாபாரிகள்.

கண்ணாடியிழையில் வார்த்த சின்னப் பாய்மரப் படகு. வரைந்தது அவள். நெசவாலையில் நின்று நின்றே கால் வீங்கிய குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். இருக்கைகளுக்கு அடியில் காற்றறைகளை இறுக மூடி வைத்திருந்தாள். கவிழ்ந்தாலும் ஒற்றை ஆளே நிமிர்த்திவிடலாம். முதல் மாதிரி, வெள்ளைப் படகு, அப்படித்தான் இருந்தது. இரண்டாவது நீலம். அதில் ஹாஸ்கல் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கைகளை அறுத்து, மூடி போட்டு, காற்றறைகளைப் பீர் வைக்கும் ஐஸ் பெட்டிகளாக்கியிருந்தார்.

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா, பொண்ணே?” ஹாஸ்கல் பல்லைக் கடித்தார்.

“கவுக்கட்டுமே, ஹாஸ்கல்!” என்றாள் சிறுவர் முகாம்களுக்குப் படகு விற்கும் மிஸஸ் பெல்க்கி. “ஓசியில சர்க்கஸ் பாத்த மாதிரி இருக்கும்.”

அவ்வளவுதான், ஒடீலியா நீலத்தில் குதித்துவிட்டாள். பாயை இழுத்ததும் படகு சீறிக்கொண்டு பாய்ந்தது. நீலமோ வெள்ளையோ, உடம்பு அவள் வரைந்த உடம்புதானே! நெஞ்சு துள்ளியது. காற்றுக்கு எதிராகச் சாய வேண்டியவள், வேண்டுமென்றே மறுபக்கம் தாவினாள். பளாரென்று பாய் தண்ணீரை அறைந்தது. மூடிகள் பிய்த்துக்கொண்டு, பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பீர் டப்பாக்கள் வாத்துக் கூட்டம் போல மிதந்து கிளம்பின. நிமிர்த்தத் தொங்கிப் பார்த்தாள், முட்டிப் பார்த்தாள். படகு செத்த எருமை மாதிரி கிடந்தது.

“பீரைக் காப்பாத்துங்கடா! அவளுக்கு நீச்சல் தெரியும்!” என்று கத்தினான் பட்டறையில் மெருகு போடும் மானுவல். சிரிப்பில் துறையே அதிர்ந்தது.

மோட்டார் படகில் கரை சேர்ந்தவள், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் வெள்ளையில் ஏறினாள். அதே பாய்ச்சல், அதே கவிழ்ப்பு. ஆனால் வெள்ளை மூழ்காமல் ஒருக்களித்து உயர மிதந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து மல்லாந்து சாய்ந்தாள். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது! உள்ளே கணுக்கால் தண்ணீர்தான். காற்றைக் கவ்விக்கொண்டு நேரே துறைக்கு ஓட்டி வந்தாள்.

மிஸஸ் பெல்க்கி விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். “ஏய், இந்த வெள்ளையை யாரு செஞ்சாலும் நான் வாங்கறேன்!”

ஹாஸ்கலும் கைதட்டினார். அலுவலகத்துக்குள் வந்ததும் நீலத்தின் வரைபடத்தை அவள் முன் விரித்தார்.

“பிரமாதம். படகை வரைஞ்சவ நீதானே, இதுல கையெழுத்துப் போடு, நாளைக்கே வார்க்க ஆரம்பிச்சுடலாம்.”

“இப்பத்தானே பாத்தீங்க?”

“பாத்தேன். முக்கால்வாசிப் பேரு பீர்ப் பெட்டிதான் கேக்கறாங்க. கவுக்காம ஓட்டிக்கட்டும்.”

“கொழந்தைங்க ஓட்டுவாங்க.”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணாம். அந்த எருமையில தொங்கிட்டிருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். இதைவிட நல்லதா ஒண்ணு வரைவேன். வாங்க ஆள் இருக்கு.”

கையெழுத்து விழாத வரைபடம் மேசையிலேயே கிடந்தது. ஈரம் சொட்டச் சொட்ட அவள் வெளியே நடந்தாள்.