ஒரே கொந்தளிப்பா, இரண்டா?

அந்தக் கார்த்திகையில் அலை ஏறி, வல்வெட்டித்துறையில் கட்டிக்கொண்டிருந்த அலைத்தடுப்பு அணையின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டது. பொறியியலாளர் அடைக்கலநாதன் மறுநாளே வேலையாட்களை இறக்க நினைத்தார். கடல்மட்ட அளவீடுகளை ஆராய்வதற்காக அலுவலகத்தில் சேர்ந்திருந்த புள்ளிவிபரப் பட்டதாரி மீனாம்பிகை தடுத்தாள்.

“அபாயக் குறியைத் தாண்டுற நாளுகள் தனிய வாறதில்லை, சேர். ஒண்டு வந்தா, பின்னாலை ஒண்டிரண்டு வரும். பத்து வருச அளவீட்டிலையும் அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப, முடிஞ்சுதெண்டு எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு நாள் தண்ணி குறிக்குக் கீழை நிண்டா, அந்தக் கொந்தளிப்பு முடிஞ்சுதெண்டு எடுக்கலாம்.”

அந்த ‘இரண்டு’ எந்தக் கணக்கிலிருந்தும் வந்ததல்ல. ஏதோ ஒரு எண் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கடல் குளம்போலக் கிடந்தது. நாலாம் நாள் ஆட்கள் இறங்கினார்கள். மத்தியானம் தண்ணீர் கற்களை விட்டுச் சட்டென்று பின்வாங்கியதை மேசன் ஏரம்பு கண்டு, “மேலை ஏறுங்கோடா!” என்று கத்தினார். எல்லோரும் ஏறித் தப்பினார்கள். பின்னாலேயே எழுந்து வந்த அலையில் அடுக்கிய புதுக் கற்கள் போய்விட்டன.

“உது புதுசில்லைப் பிள்ளை,” என்றார் ஏரம்பு, நனைந்த சாரத்தைப் பிழிந்தபடி. “அண்டைக்கு வந்த அதே கடல்தான். இன்னும் அடங்கேல்லை.”

“மிஸ்சின்ரை கணக்குப்படி புதுசெல்லோ?” என்றார் அடைக்கலநாதன்.

ஏரம்பு கத்தியிராவிட்டால் ஆட்கள் செத்திருப்பார்கள் என்று மீனாம்பிகைக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஒரே கொந்தளிப்பா, இரண்டா? ஒன்றென்றால், பத்து வருடத்தில் வந்த கொந்தளிப்புகள் அவள் எண்ணியதைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் நீளமானது. அணை ஒரு அடியை அல்ல, அடிமேல் அடியைத் தாங்க வேண்டும்.

மறுநாள் தன் ‘இரண்டு நாள்’ விதியை ஒதுக்கி வைத்தாள். குறியைத் தாண்டிய ஒரு நாளுக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒவ்வொரு கோடாக வரைந்தாள். குட்டைக் கோடுகள் ஒரு பக்கம் மொய்த்தன. நெடுங்கோடுகள் மாதக்கணக்கில் நீண்டன. நடுவில் அநேகமாக வெறுமை.

“இடைவெளியை நான் தீர்மானிக்கத் தேவையில்லை, சேர். கோடுகளே பிரிச்சுக் காட்டுது. குட்டையெல்லாம் ஒரே கொந்தளிப்புக்குள்ளை, நெடுசெல்லாம் ரெண்டு கொந்தளிப்புக்கு நடுவிலை.”

“எவ்வளவாம்?”

“கிட்டத்தட்ட ஒரு கிழமை, ஏழு நாள் தண்ணி கீழை நிண்டாத்தான் முடிஞ்சுது. ஆனா பத்து வருச அளவீடு காணாது, இன்னும் வேணும். கணக்குப் பிழைச்சுப் போகவும் கூடும்.”

ஒரு கிழமை வேலை நின்றது. கடல் எழவேயில்லை; ஆட்கள் முணுமுணுத்தார்கள். அடைக்கலநாதன் அந்த நாட்களில் அணையின் படத்தைத் திருத்தி, அடிக்கல்லைப் பெருப்பித்தார். மீனாம்பிகை காங்கேசன்துறைக்குப் பஸ் ஏறினாள். அங்கே அந்தப் பத்து வருடத்துக்கும் முந்தைய அளவீடுகள் இருப்பதாகக் கேள்வி.