சப்பை மூக்குத் தோட்டா

குவாதிரிந்தா செத்து ஒரு மழைக்காலம் போன பிறகுதான் போலீஸ் அவனுடைய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது. மழைக்காலம் என்று பேர்தான். ஆங்வா ஆற்றில் தண்ணீர் வரவே இல்லை. சோளம் இடுப்பு உயரம் வந்து கருகி நின்றது. கருகாமல் பிழைத்த கொஞ்சத்தையும் தேடி ஆற்றங்கரைக் காட்டிலிருந்து யானைகள் வந்துகொண்டே இருந்தன.

மாவட்டக் கவுன்சிலில் யானை விரட்டுகிற வேலைக்கு நாங்கள் இரண்டே பேர். அவன் போனதும் நான் ஒருவன் ஆனேன். என் குலச்சின்னமும் யானைதான். அதனால் ஊரில் என்னை முகோவே என்று யாரும் கூப்பிடுவதில்லை, சமன்யங்கா என்பார்கள், தந்தங்களின் சொந்தக்காரன். "சொந்தக்காரங்களையே சுட்டுட்டு இருக்கியே, கல்யாணத்துக்கு யாரு வருவாங்க?" என்று கேட்பார்கள். முன்னெல்லாம் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். இப்போது அதற்கும் அலுப்பாக இருக்கிறது.

குவாதிரிந்தா போன விதம் இது. விடியற்காலையில் ஒரு பெண் யானை வயலை விட்டுப் போக மறுத்து அவன் மேல் பாய்ந்தது. அவன் ஒருமுறை சுட்டான். குண்டு மூளையில் படவில்லை. இரண்டாவது குண்டு போகவே இல்லை. நான் அப்போது மலேரியாவில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். கூடப் போனவர்கள் மரமேறித் தப்பித்தார்கள். கீழே கிடந்த துப்பாக்கியில், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ட் பாதி வழியில் நின்றிருந்தது, அதன் முன்னால் ஒரு புதுத் தோட்டா கோணலாகச் சிக்கியிருந்தது. விசாரித்தவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பயத்தில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வார்த்தை கள்ளுக்கடை வரைக்கும் போனது. குவாதிரிந்தாவின் சொந்தத் தம்பி தகுமா அங்கே உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணன் கை கோழிக்கால் மாதிரி உதறியிருக்கும்" என்று சொன்னானாம். குவாதிரிந்தாவின் மனைவி மாய் ரூம்பி, அதாவது ரூம்பியின் அம்மா, அதற்குப் பிறகு குழாயடிக்கு எல்லாரும் போய்விட்டு வந்த பிறகுதான் தண்ணீருக்குப் போவாள்.

எங்கள் அதிகாரி சிதாக்வா ஆயுத அறையைத் திறந்து இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று குவாதிரிந்தாவுடைய நாலு-அஞ்சு-எட்டு, குண்டின் அளவையே பேராக வைத்துக் கூப்பிடுவோம். இன்னொன்று மூணு-ஏழு-அஞ்சு, குண்டு கொஞ்சம் சிறியது, உதையும் குறைவு. என்னுடைய பழையதில் குழல் தேய்ந்துபோய் ஒதுக்கியாகிவிட்டது.

"ஏதாவது ஒண்ணை எடுத்துக்க, சமன்யங்கா. நாலு-அஞ்சு-எட்டையே எடேன். பெருசு பெருசுதான்."

"ரெண்டையும் சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"என்னத்தைப் பாக்கப் போற? ரெண்டும் வெடிக்கும்."

அவருக்கும் அலுப்பு. மூன்று வட்டாரங்களிலிருந்து ஃபோன் வந்துகொண்டிருந்தது, லாரிக்கு டீசல் இல்லை.

நான் இரண்டையும் காய்ந்த ஆற்றுக்குக் கொண்டுபோனேன். ஒரு பெரிய கரையான் புற்றில் அட்டையைக் குத்தி வைத்தேன். முதலில் தோட்டா போடாமல், கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முன்குறியும் பின்குறியும் தேடாமலே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது உனக்கான துப்பாக்கி. தேட வேண்டியிருந்தால், யானை வரும்போது தேட நேரம் இருக்காது. நாலு-அஞ்சு-எட்டு அப்படியே வந்து உட்கார்ந்தது. மூணு-ஏழு-அஞ்சில் தோளில் பதிக்கிற பின்கட்டை நீளம், சட்டையில் மாட்டியது.

பிறகு சுட்டேன். நாலு-அஞ்சு-எட்டின் உதை என் கழுத்துவரை ஏறியது. பல வருஷமாக வாங்கிய உதை எல்லாம் அந்தத் தோளில்தான் சேர்ந்திருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடிவதில்லை. ஆனாலும் குண்டு போய் விழுந்த இடம் அழகு.

கடைசியில்தான் முக்கியமான சோதனை. முதல் குண்டு எந்தத் துப்பாக்கியிலும் போய்விடும். உயிர் இரண்டாவதில் இருக்கிறது. மேகசினை நிறைத்து, தோளிலிருந்து இறக்காமல், சுட்டு, இழுத்து, தள்ளி, சுட வேண்டும். முதல் தோட்டா போனது. போல்ட்டை இழுத்தேன், காலித் தோட்டா தெறித்து மணலில் விழுந்தது. தள்ளினேன். பாதியில் நின்றது.

பார்த்தேன். புதுத் தோட்டா கோணலாகச் சிக்கி நின்றது. முழு பலத்தோடு தள்ளினாலும் நகரவில்லை.

என் கை சரியாக இழுக்கவில்லையோ என்று எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். இந்த முறை ஓடியது. அடுத்ததில் மறுபடி நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புளியமர நிழலுக்குப் போய் உட்கார்ந்து, சுடாமல் வெறுமனே தோட்டாக்களைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். மேகசினில் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுக்கி இருக்கும். வலதுபக்கத் தோட்டா வழுக்கிக்கொண்டு போனது. இடதுபக்கத்தது ஏறும்போது மூக்கு குழல் வாயின் விளிம்பில் முட்டி நின்றது. பழைய தோட்டாக்கள் உருண்டை மூக்கு. பையின் அடியில் கிடந்ததில் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. போன வருஷம் வந்த புதுத் தோட்டாக்களுக்குச் சப்பை மூக்கு. யானையின் தலைக்குள் நேராகப் போகும் என்பதால் வாங்கியது, குவாதிரிந்தா அன்றைக்கு எடுத்துப்போனதும் அதுதான். தோட்டாவில் குறை இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. ஆயுத அறையில் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட்டுப் பார்த்திருப்பார்கள். அப்படிப் போட்டால் சிக்காது.

எனக்குக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. போல்ட்டைப் பாதிதான் இழுத்திருந்தால் புதுத் தோட்டா மேலே ஏறியே இருக்காது. அது ஏறி வந்து சிக்கியிருந்தது என்றால், குவாதிரிந்தா முழுக்க இழுத்திருக்கிறான். யானை வந்துகொண்டிருக்கும்போது நின்று, முழுக்க இழுத்து, தள்ளியிருக்கிறான். தள்ளிக்கொண்டே இருந்திருப்பான்.

சிதாக்வாவிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? போனவன் போயிட்டான். நீ மூணு-ஏழு-அஞ்சை எடுத்துட்டுப் போ."

"மாய் ரூம்பிக்குச் சொல்லணும் சார்."

"தோட்டாவை வாங்கினது நான். தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினார். வெடிக்காமல் ஏற்றிப் பார்க்க, புதுத் தோட்டாக்கள் சிலவற்றிலிருந்து நானே மருந்தை எடுத்து வைத்திருந்தேன். அவர் போட்டு, இழுத்து, தள்ளினார். நின்றது. பலமாகத் தள்ளினார். அப்புறம் லாரியின் மட்கார்டில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்தார்.

"ஊர்க் கூட்டத்துல நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன். மேலிடத்துக்கும் நானே சொல்லிடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தலைவர் வீட்டுப் புளியமரத்தடியில் கூடினார்கள். நான் அதிகம் பேசவில்லை. எனக்குப் பேச வராது. துப்பாக்கியைக் காட்டி, தோட்டாவைக் காட்டி, "நீங்களே செஞ்சு பாருங்க" என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு தகுமாதான் வந்தான்.

"முழுக்க இழு. யாரும் உன்மேல பாயலை, நிதானமா இழு" என்றேன்.

இழுத்தான். தள்ளினான். நின்றது. "இது எண்ணெய் போடாத துப்பாக்கி" என்றான். எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். அடுத்தது ஓடியது, அதற்கடுத்தது நின்றது. அவன் முழங்கையை மடக்கி முக்கினான். நெற்றியில் வியர்வை வந்தது. துப்பாக்கியை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். சிதாக்வா முன்னால் வந்து, தோட்டாவைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்தது அலுவலகம்தான் என்று சொன்னார். குரல் கீழே போய்விட்டது. தலைவர் அவரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார்.

மாய் ரூம்பி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"நான் புடிக்கலாமா அண்ணே?"

கொடுத்தேன். இரண்டு கையிலும் வாங்கி, குழந்தையைப் போல ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கனமா? இதைத் தூக்கிட்டா தினமும் நடந்தாரு?"

"ஆமா."

"என்கிட்ட ஒருநாள்கூடச் சொல்லலையே, கனம்னு."

அவள் போல்ட்டைத் தொடவில்லை. துப்பாக்கியைத் திருப்பித் தந்துவிட்டு, தகுமா நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு வந்து வீட்டுக்குப் புல்லு வேஞ்சு குடு. கூரை ஒழுகுது" என்றாள். மழையே இல்லாத வருஷம். அவன் தலையை ஆட்டினான்.

நாலு-அஞ்சு-எட்டைக் குழல் வாயை அரம் போட்டு வழுவழுப்பாக்கச் சொல்லி கரோய் டவுனுக்கு அனுப்பினோம். நான் மூணு-ஏழு-அஞ்சை எடுத்துக்கொண்டேன். என் தோள் அதைத்தான் தாங்கும். அடிபட்ட யானையின் முன்னால் பெரிய குண்டை நடுங்கிக்கொண்டு சுடுவதைவிட, சின்னக் குண்டைச் சரியான இடத்தில் சுடுவது மேல். யானைக்கு அந்த அளவுக் குண்டு வரைக்கும் சட்டமும் அனுமதிக்கிறது.

எனக்குப் பொருத்துவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பின்கட்டையில் ஒரு விரல் அகலம் அறுத்து, முனையில் ரப்பர் வைத்து, அதன் மேல்விளிம்பை உரசி வட்டமாக்கினேன், இனி சட்டையில் மாட்டாது. தொலைநோக்கியைக் கழற்றிப் போட்டேன். எங்கள் காட்டில் யானையைப் பத்துத் தப்படிக்கு அப்பால் முழுசாகப் பார்க்கவே முடியாது. பின்குறியின் பள்ளத்தை அகலமாக்கினேன், முன்குறியின் நுனிக்கு மனைவியின் வெள்ளை நகப்பூச்சைத் தடவினேன். "அதை வாங்கி வச்சது உன் துப்பாக்கிக்கா?" என்று கேட்டாள். தோளில் மாட்டுகிற வாரின் முன்கொக்கியைக் கட்டையிலிருந்து குழலுக்கு மாற்றினேன், உதைக்கும்போது இடதுகை விரலைக் கிழிக்காது. கல்லெறி தூரத்தில் குண்டு குறிக்கு நேராக விழுகிறவரை பின்குறியை அரத்தால் தேய்த்தேன். பிறகு நான் எடுத்துப்போகப்போகிற ஒவ்வொரு தோட்டாவையும், இடப்பக்கமும் வலப்பக்கமும், அதே துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அப்படியும் மனது நம்பாமல் மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன்.

தடம் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. தகுமா தானாக வந்தான்.

"அது பொம்பளைத் துப்பாக்கின்னு சொல்றாங்களே, சமன்யங்கா?"

"என் தோளும் வயசான பொம்பளைதான். ரெண்டும் ஒத்துப்போகும். நட."

கூரை வேய்ந்து முடித்த வாரத்தில் ஓர் ஒற்றை ஆண் யானை கிணற்றடியில் ஒரு கிழவரைத் தூக்கி எறிந்துவிட்டது. சிதாக்வா ஃபோனில் அனுமதி சொன்னார். மத்தியானத்தில் தடத்தைப் பிடித்தோம். முட்புதருக்குள் நுழைந்தபின் காற்று திரும்பியது. காற்றின் திசை தெரிய தகுமா குனிந்து சாம்பல் பையை ஆட்டிப் பார்த்தபோதே இடதுபக்கத்தில் கிளைகள் முறிந்தன. யானை கத்தவில்லை. காதை ஒட்ட வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி வந்தது.

துப்பாக்கி தோளில் ஏறியபோது வெள்ளைப் புள்ளி கண்ணுக்கு நேராக இருந்தது. சுட்டேன். அது தலையைத் தூக்கிய நேரம், குண்டு கொஞ்சம் கீழே போயிருக்க வேண்டும். தடுமாறியது, நிற்கவில்லை. இழுத்தேன். அந்த இழுப்பு எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. தள்ளினேன், போல்ட் கடைசிவரை போய் மூடியது. இரண்டாவது குண்டுக்குப் பின்கால்கள் முதலில் மடங்கின. அது விழுந்து கிளம்பிய தூசி எங்கள் மேல் வந்து படிந்தது.

தகுமா நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். ஓடவில்லை. மரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது போச்சு" என்றான்.

"போச்சு."

"அண்ணன்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

நான் யானையின் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைக் குவித்து மெல்லத் தட்டினேன், எங்கள் குலத்துக்காரர்கள் யானைக்கு மரியாதை செய்கிற மாதிரி. தோள் வலித்தது. பெரிய வெற்றி எதுவும் உள்ளே இல்லை. நாளைக்கு இன்னொன்று வரும் என்பது மட்டும் தெரிந்தது.

சாயங்காலத்துக்கு முன்பே ஊர் முழுக்கக் கறிக்காகக் கத்தியும் கூடையுமாக வந்துவிட்டது. மாய் ரூம்பி பெண்களோடு பெண்களாக நின்று, பின்தொடைப் பங்குக்காக இன்னொருத்தியோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சிதாக்வா லாரியை மரத்தடியில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேலிடத்தில் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள், வேறு மாவட்டத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு. அதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. அவருடைய ஃபோன் அடித்தது. மசோகா பக்கத்தில் ஒரு யானைக் கூட்டம் வயலில் இறங்கியிருக்கிறதாம்.

"என்ன சொல்ல?" என்று என்னைப் பார்த்தார்.

"நாளைக்குன்னு சொல்லுங்க சார்."

நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஃபோனை அணைத்தார். ஷூவைக் கழற்றினார். நான் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்து, போல்ட்டைத் திறந்தே வைத்து, லாரிக்குள் சாய்த்தேன். கறி அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இரண்டு பேரும் அந்த நிழலிலேயே படுத்துத் தூங்கிவிட்டோம்.