கிணற்றடியில் ஒரு கதிரை

விடியற்காலையில் வெங்காயப் பாத்திக்குள் குந்தினால் முதலில் சட்டை விளிம்பு நனையும், பிறகு விரல் விறைக்கும். பனியில் ஊறிய செம்மண் நகத்துக்குள் ஏறிவிடும். அன்றைக்கு மண் வாசமே இல்லை, பூச்சிமருந்து நெடிதான். முதல்நாள் பின்னேரம் அடித்திருந்தார்கள். கோரையைப் பிடுங்கப் பிடுங்கக் கண் எரிந்தது.

நிரையாகக் களை பிடுங்கிக்கொண்டு போனோம். "தலை சுத்துதடி கோபிகா" என்றாள் பக்கத்தில் இருந்த மகாதேவியக்கா. அடுத்த பாத்திக்கு அவள் வரவில்லை. வாந்தியெடுத்து வெங்காயத்தின் மேலேயே சரிந்தாள். அவளுடைய மகளை வரவழைத்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் என்னால் தாங்க முடியாதது. தோட்டக்கூலிப் பெண்கள் சங்கத்துக்கு நான் தலைவி. எனக்கு முன் தலைவியாயிருந்த பெர்னடெட் அக்கா கனடாவுக்குப் போனபின், கூட்டத்தில் யாரோ என் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கூட்டங்களில் கதிரை நுனியில்தான் இருக்கிறேன். "பிழையான ஆளை இருத்திப்போட்டம், எழும்பு" என்று யாராவது வந்து சொல்வார்கள் என்று பயம். சொல்லித் தொலைத்தால் நல்லது என்றும் இருக்கும். அவ்வளவு களைப்பு.

தோட்டத்தின் சொந்தக்காரர் கோகுலன் வந்தார். செய்தி தெரிந்திருந்தது. கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

"தலைவியம்மா, வாங்கோ, இருங்கோ. கதைப்பம். மற்றவை வேலையைப் பாக்கட்டும்."

மண் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். போய், கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டேன். தோட்டக்காரருக்கு முன்னால் நாங்கள் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. உடம்பு தன் பழக்கத்தைச் செய்துவிட்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கதிரையிலை இருக்கத் தெரியாதவளோ உங்களுக்குத் தலைவி?"

காது சுட்டது. நான் பயந்திருந்த சொல் வந்தேவிட்டது. எழும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. பின்னால் காலடி கேட்டது. பாத்தியை விட்டுத் தர்சினி வந்து என்னோடு குந்தினாள். பிறகு கஜானி. பிறகு மற்றவர்கள். பாத்தியில் ஒருவரும் இல்லை.

"ஓம், இவதான் எங்கடை தலைவி" என்றாள் தர்சினி. "நீ சொல்லடி."

"மருந்தடிச்சா ரெண்டு நாளைக்கு எங்களைப் பாத்திக்குள்ளை இறக்கக்கூடாது. வேறை வேலை தரவேணும்." கதிரையின் காலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"வேறை ஆக்களைக் கொண்டுவாறன்."

"கொண்டு வாங்கோ. பக்கத்து ஊர் உடுவிலிலையும் எங்கடை சங்கம்தான்" என்றாள் கஜானி.

"எல்லாரும் எழும்புங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் படலைக்குப் போனார். வெயில் ஏறியது. கால் மரத்தது. நான் பிழையான ஆள்தானோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் எழும்பவில்லை.

மகாதேவியக்காவின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். சேலைன் ஏற்றியிருக்கிறார்களாம். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "எத்தினை பாத்தி முடிஞ்சுது?"

"ஒண்டும் இல்லையக்கா. எல்லாரும் கிணத்தடியிலை குந்தியிருக்கிறம்."

அக்கா மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப எனக்கும் இடம் விடு."

நான் கொஞ்சம் நகர்ந்து குந்தினேன்.